மகளின் வலது கை

நாகர்கோவிலில் காலை ஆறரை மணி பாசஞ்சரில் ஏறினோம், நானும் என் மகள் சுபாவும். திருவனந்தபுரத்துக்கு எழுபத்தொரு கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு இருபது ரூபாய். சுபா கல்லூரி பேஸ்பால் அணியில் பந்து எறிகிறவள். பெண்களுக்குத் தொழில்முறை லீக் ஒன்று வருகிறதாம். அணிகள் முறைவைத்து ஆள் எடுப்பதற்கு முன்னால், யாருக்குத் தகுதி என்று பார்த்துப் பட்டியல் போட ஒரு தேர்வாளர் அன்று வந்திருந்தார். இருக்கிறது அந்த ஒரு நாள்தான்.

எட்டே முக்காலுக்கு இறங்கி, முதலில் கிழக்கேகோட்டைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். வாழையிலைத் துண்டில் சந்தனம் தந்தார்கள். மைதானம் இருக்கும் பாளையத்துக்கு ஆட்டோ, நாற்பத்தைந்து ரூபாய்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “அண்ணாச்சி, மோளு கிரிக்கெட்டா?”

“இல்ல, பேஸ்பால்.”

“ஓ! உலக்கைய வச்சு அடிக்கிறதல்லே?”

சுபா சிரித்தாள். “அடிக்கிறவ வேற அண்ணே. நான் அடிக்க விடாம எறியுறவ.”

அவள் சிரிக்கிற நேரம் பார்த்து நான் இலையைப் பிரித்து, நெற்றியில் இட்டது போக மிச்சத்தை அவள் வலது உள்ளங்கையில் விரல் வரைக்கும் பூசினேன்.

“அப்பா, கையில வேண்டாம்.”

“சாமி சந்தனம் மக்களே. ஒண்ணும் ஆவாது.”

பத்து மணிக்கு அவள் முறை. தேர்வாளர் பாலக்காட்டுக்கார அம்மா, தமிழ் நன்றாகப் பேசினார். வேகம் அளக்கும் கருவியைக் கையில் பிடித்திருந்தார். ஐந்து பந்து ஆனதும் பந்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மஞ்சள் தடம்.

“கையைக் காட்டு. என்ன பூசியிருக்கே?”

சுபா கையை நீட்டினாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

“அம்மா, நான்தான் பூசினேன். பிள்ளை வேண்டாம்னுதான் சொன்னா.”

“பந்துல எதைப் பூசினாலும் ஆட்டத்துல வெளிய அனுப்பிடுவாங்க, தெரியுமா? இந்த அஞ்சும் கணக்குல இல்ல.” என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கினார். “சாமிய நெத்தியோட நிறுத்துங்க அண்ணாச்சி. கையைக் கழுவிட்டு வரட்டும், முதல்ல இருந்து பாக்கறேன்.”

குழாயடியில் கழுவினால் சாமி சந்தனம் சாக்கடை ஓடைக்குப் போகும், பத்துப் பேர் மிதிப்பார்கள். மனசு கேட்கவில்லை. வேலியோரத் தென்னை மூட்டில், மண்ணில் விழும்படி அவள் கையை நீட்டச் சொல்லி, பாட்டில் தண்ணீரை ஊற்றி நானே கழுவினேன். தேர்வாளர் மணியைப் பார்த்தபடி நின்றார்.

“அப்பா, இனி நான் பாத்துக்கிடுதேன்” என்று கையை உதறிவிட்டு ஓடினாள்.

புதுப் பந்து தந்தார்கள். முதல் எறியே பிடிக்கிறவளின் கையுறையில் தேங்காய் உடைந்த மாதிரி விழுந்தது. கருவியில் தொண்ணூற்றாறு கிலோமீட்டர். பத்தாவது எறிக்கு வளைந்து இறங்கிய பந்தை மட்டை பிடித்தவள் தொடவே இல்லை. தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “இதை எங்கடீ இவ்வளவு நேரம் வச்சிருந்தே?” என்றார். பட்டியலில் பெயர் ஏறியது.

எந்த அணி எடுக்கும் என்று இன்னும் தெரியாது. எடுப்பார்கள்.

மாலை வண்டியில் சுபா என் மடியில் வலது கையைப் போட்டுத் தூங்கிவிட்டாள். வீட்டிலானாலும் வழியிலானாலும் விளக்கு வைக்கும் நேரத்தில் எதையாவது வேண்டிக்கொள்வது என் வழக்கம். அன்று கண்ணை மூடியும் கேட்க ஒன்றும் வரவில்லை. நாகர்கோவில் வரை அந்தக் கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.