மாலை போட ஒரு முகம் தேவை

ரொறொன்ரோவில் தமிழில் குறும்படம் எழுதி இயக்குவது என்பது, கமராவைத் தூக்குவதற்கு முன் ஊர்ப்பட்ட சனத்தின் காலில் விழுகிற தொழில். என்னைப்போல இதில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களே, உங்களுக்கு இதொன்றும் புதிதில்லை. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் கடைசியாக எடுத்த படத்தின் கதை இவ்வளவுதான்: புருசனை இழந்த ஒரு மனிசி, சுவரில் மாலையோடு தொங்குகிற அவருடைய போட்டோவோடு பன்னிரண்டு நிமிசம் சண்டை பிடிக்கிறாள். இங்கே ஒரு குறும்பட விழாக்காரர்கள் கதையை வாசித்துவிட்டு, மாத முடிவுக்குள் தந்தால் போடுவோம் என்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். சொந்தக்காரர் அல்லாத ஒரு கூட்டம் முதல் தடவையாக என் படத்தைப் பார்க்கப்போகிறது. சந்தோசத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மிச்சம்

ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. அப்பாவுக்குப் பழக்கமான ஒரு அங்கிள் என்னைக் காட்டி, "மகன் என்ன செய்யிறார்?" என்று கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பாமலே "கொம்பியூட்டர் வேலை" என்றார். ஆர் கேட்டாலும் அவருக்கு அந்த ஒரு பதில்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"இல்லை அங்கிள், நான் குறும்படம் எடுக்கிறனான்" என்றேன். எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டார். பன்னிரண்டு நிமிசம் என்றேன். மனிசன் மட்டன் ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டு, மெத்தப் பாவப்பட்டு என் தோளில் கை போட்டார்.

"காசு முடிஞ்சு போச்சோ? அவசரமில்லை தம்பி, மிச்சத்தை ஆறுதலா எடும்."

ஏழை வீடு

கதையில் வருகிறவள் ஒரு வீட்டின் நிலத்தடிப் பேஸ்மென்றில் குடியிருக்கிறவள். மில்லிக்கனில் என் மனிசியின் ஒன்றுவிட்ட அக்கா தன் பேஸ்மென்றைத் தாறன் என்றார். போய்ப் பார்த்தேன். ஈரம் ஊறின சுவர், கால் உடைந்த கட்டில், மங்கலான ஒற்றை லைற். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. "ஒண்டையும் தொடாதேங்கோ அக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த கிழமை சாமான் இறக்கப் போனால், சுவருக்குப் புதுப் பெயின்ற். தோல் சோபா. கண்ணாடி அலுமாரிக்குள் பீங்கான் அன்னம் இரண்டு கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கின்றன. "ஐயோ அக்கா, இவள் ஏழையெல்லோ!" என்று தலையில் கை வைத்தேன்.

"ஏழையா இருக்கட்டும், ஆர் வேண்டாமெண்டது? ஆனால் என்ர வீட்டில இருந்துகொண்டு ஏழையா இருக்க விடமாட்டன்."

பொட்டு

நாயகி புஷ்பம் அன்ரி. ஸ்காபரோ மேடை நாடகங்களில் அழுது அழுதே பேர் எடுத்தவர். விதவை வேசம் என்றதும் அந்த நிமிசமே ஓம் என்றார். ஒத்திகைக்கு வந்தபோது பட்டுச்சேலை, தாலிக்கொடி, நெற்றியில் ஒரு டொலர்க் காசளவு குங்குமப் பொட்டு.

"அன்ரி, கதைப்படி உங்கட புருசன் செத்திட்டார்" என்று நினைவூட்டினேன். "அது கதைப்படி" என்றவர், என் கையைப் பிடித்து யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அந்தா, என்ர மனிசன் காருக்குள்ள உயிரோட இருக்கிறார். பொட்டு வேண்டாமெண்டால் நீர் அதைக் கொம்பியூட்டரில அழிச்சுவிடும்."

முகம்

அழிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அப்பா சொல்கிற கொம்பியூட்டர் வேலை கடைசியில் உண்மையாகிவிட்டது. அது போகட்டும், செத்த புருசனுக்கு ஒரு போட்டோ வேண்டுமே! அங்கேதான் என் கழுத்துக்குக் கத்தி வந்தது.

உயிரோடிருக்கிற ஒருவருடைய போட்டோவுக்கு மாலை போடுவதா? கேட்ட ஆம்பிளைகள் எல்லாம் போனைப் பட்டென்று வைத்தார்கள். ஒருவருடைய மனிசி திரும்பப் போன் எடுத்து என் பரம்பரைக்கே மண் அள்ளித் தூற்றினா. உண்மையிலேயே செத்துப்போனவர்களின் பிள்ளைகளைக் கேட்டால், "பன்னிரண்டு நிமிசம் எங்கட அப்பா பேச்சு வாங்கிறதோ?" என்று கோபிக்கிறார்கள். இணையத்தில் ஒரு முகத்தை எடுத்துப் போட்டால் உரிமை எங்கே என்று விழாக்காரர்கள் கேட்பார்கள்.

கடைசியாக மிஞ்சினவர், படப்பிடிப்புக்கு மத்தியானச் சாப்பாடு தர ஒத்துக்கொண்டிருந்த அண்ணை, வீடு விற்கும் முகவர். பஸ் தரிப்பிட இருக்கை, கலண்டர், கோயில் விழா மலர் என்று இந்த நகரத்தில் அவருடைய முகம் இல்லாத இடமில்லை. "தம்பி, உம்மட படத்தில என்ர முகம் எங்க வரும்?" என்று அவராகவே கேட்டார். தெய்வமே என்று நினைத்துக்கொண்டு, "படம் முழுக்க வரும் அண்ணை, நடுச்சுவரில" என்றேன். மனிசன் பூரித்துப்போனார். மெல்ல மாலை விசயத்தைச் சொன்னேன். கையை உயர்த்தி மறித்தார்.

"மாலை வேண்டாம். மாலை வாற இடத்தில என்ர போன் நம்பரைப் போடும்."

அப்பா

ரூஜ் பகுதியில் நானும் மனிசியும் அம்மா அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். அன்றிரவு சாப்பாட்டு மேசையில், "விழாக்காரருக்கு ஏலாது எண்டு எழுதப்போறன்" என்றேன்.  சொல்லவே வெட்கமாயிருந்தது. "நல்லதாப் போச்சு, இனியாவது ஒரு வேலையைப் பார்" என்றா அம்மா.

அப்பா புட்டைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். அறைக்குள் போய், கோட்டுப் போட்டு எடுத்த தன் போட்டோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "உங்களுக்கு என்ன விசரோ?" என்று அம்மா கத்தின கத்தல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அப்பா போட்டோவை என் பக்கம் தள்ளினார்.

"நான் உயிரோட இருக்கேக்க உன்ர படம் ஒண்டும் ஓடேல்லை. ஒருக்காச் செத்துப் பாப்பம்."

அழுகை

அம்மா இரண்டு நிபந்தனையோடு இறங்கி வந்தா: மாலை பிளாஸ்ரிக்காக இருக்கவேண்டும், நான் 'கட்' சொன்னவுடன் கழற்றவேண்டும். என்னை நம்பாமல் படப்பிடிப்புக்குத் தானே வந்து போட்டோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டா. நான் வாயைத் திறக்க முதலே மாலை அவவின் கையில் இருக்கும். இரண்டு நல்ல காட்சியில் அம்மாவின் கையும் கமராவில் விழுந்திருக்கிறது.

அப்பாவோ அக்கா வீட்டுத் தோல் சோபாவில் சாய்ந்து, தன் சாவைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அழுகையின் அரசி புஷ்பம் அன்ரிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. போட்டோவைப் பார்ப்பா, அப்பாவைப் பார்ப்பா, திரும்பவும் போட்டோவைப் பார்ப்பா. கடைசியில் பொறுமை இழந்துவிட்டா.

"அண்ணை, ஒருக்கா வெளியில போங்கோ. நீங்கள் பிஸ்கற் தோய்க்கிறதைப் பாத்தால் எனக்குத் துக்கம் வருகுதில்லை."

விழா

ஒருமாதிரி முடித்துக் கொடுத்தேன். விழாவன்று, சிரிக்கவேண்டிய இடத்தில் முன்பின் தெரியாத சனம் சிரித்தது. முடிவில் ஆரோ மூக்கை உறிஞ்சியது கேட்டது. படம் முடியுமட்டும் அப்பாவின் மணிக்கட்டை அம்மா விடவேயில்லை.

வெளியே வந்தால், மிச்சத்தை ஆறுதலாக எடுக்கச் சொன்ன அதே அங்கிள். அப்பாவை மேலும் கீழும் பார்த்து, "அண்ணை, சுவரில தொங்கினது நீங்களோ?" என்றார். இப்போது கொம்பியூட்டர் வரும் என்று நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். 

"ஓம், செத்தது நான்தான். எடுத்தது உவன், என்ர மகன். உவனுக்குப் படம் எடுக்கிறதுதான் வேலை."

ஆகவே, சக பாவிகளே, பெற்ற தகப்பன் எங்கள் தொழிலை நாலுபேருக்கு முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால், முதலில் அவரைக் கொன்று சுவரில் மாட்டவேண்டியிருக்கிறது.