கெடுவுக்கு முன் மீட்கக் கூடாது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதிவு ஆபீசுக்கு எதிரே, புங்க மரத்தடியில் சாய்மேசை போட்டுப் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். யார் வீடு யார் கைக்குப் போகிறது என்பது வாங்குகிறவன் பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். பத்து வருஷம் அடுத்தவன் சொத்துக்கு எல்லை எழுதினேன். வடக்கே இன்னார் மனை, கிழக்கே இன்னார் சுவர். நான் குடியிருந்ததோ ஒரு வீட்டின் பின்கட்டில், ஒற்றை அறையும் தாழ்வாரமும்.

என் மனைவி சிதம்பரத்துக்காரி. பிறந்தது வாடகை வீடு, வளர்ந்தது வாடகை வீடு, வாழ வந்ததும் வாடகை வீடு. எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டுக்காரர் கிணற்றில் காலையில் நாலு குடம் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாவது குடத்துக்கு வீட்டுக்காரம்மாவின் முகம் மாறும். இவள் எதற்கும் வாய் திறக்க மாட்டாள். ஒருமுறை ஆருத்ரா தரிசனத்துக்குப் போயிருந்தபோது, சிறுவாட்டுக் காசில் பாத்திரக் கடையில் ஒரு வெண்கலப் பானை வாங்கினாள்.

"எதுக்கு இது?" என்றேன்.

"சொந்த வூட்டுல பால் காய்ச்சறதுக்கு."

"வூடு எங்க இருக்கு?"

"நீங்க வாங்குவீங்க" என்றாள். ரயில் வரும் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போடப் போகிறான் என்ற பேச்சு கிளம்பியதும் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு தெற்கே வந்தார்கள். கடலூரும் கடலோரம்தானே என்று பயந்து சிதம்பரம் வரை போனார்கள். மாட்டுக் கொட்டகையைக்கூடப் பெருக்கி வாடகைக்கு விட்ட காலம் அது. அப்போது என் மச்சான், அவள் தம்பி, பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடிய பஸ்ஸில் முகமெல்லாம் புகையோடு வந்து இறங்கினான்.

"மாமா, கீழ வீதிக்குப் பின்னால ஒரு ஓட்டு வூடு வெலைக்கு வருது. ரெண்டு ரூமு, கூடம், கொல்லையில கெணறு. அவுங்களுக்குப் பணமுடை. இப்ப வுட்டா அப்புறம் கெடைக்காது."

அவள் வளையல்களும் அட்டிகையும் போயின. என் சேமிப்பு முழுவதும் போயிற்று. கிரயப் பத்திரத்தை அவள் பேரிலேயே எழுதினேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பார்கள். அன்று இன்னும் அழகாக விழுந்தது. அவள் பேரை எழுதி, 'சுவாதீனமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று முடித்து, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சலாம் என்றிருந்தோம். அதற்குள் சென்னையிலிருந்து வந்த ஒரு ரிட்டையரான வாத்தியாரை மச்சான் அழைத்து வந்தான். குடும்பம் சத்திரத்தில் கிடந்தது. அவருக்கு மாத வாடகை வேண்டாம், போக்கியம்தான் வேண்டும். அதாவது மொத்தமாக ஒரு தொகையை நம் கையில் கொடுத்துவிட்டு, சொன்ன கெடு வரைக்கும் வாடகை இல்லாமல் குடியிருப்பார். நாமும் வட்டி கொடுக்க வேண்டாம். கெடு முடிந்ததும் பணத்தைத் திருப்பினால் வீட்டைத் திருப்புவார்.

எனக்குள் இருந்த கெட்டிக்காரன் அன்றுதான் விழித்துக்கொண்டான். அந்தத் தொகையை வாங்கி இன்னொரு வீடு வாங்கலாம். அதையும் போக்கியம் விட்டால் மூன்றாவது. மரத்தடியில் உட்கார்ந்து எத்தனை பேர் இப்படி ஏறியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள்கூட வீடு சும்மா கிடக்கக் கூடாது என்பதே என் கொள்கை ஆயிற்று.

பட்டணத்தில் பயம் தெளிந்த பிறகு நான் பணத்தை நீட்டிக் காலி செய்யச் சொல்லிவிடுவேனோ என்று வாத்தியாருக்கு ஒரு சந்தேகம். தொகையைக் கூட்டிக் கொடுங்கள், நானே ஒரு ஷரத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். போட்டேன். ஐந்து வருஷக் கெடு. 'எக்காரணம் கொண்டும் கெடுவுக்கு முன் மீட்கக் கூடாது.' யாரும் கேட்காத அந்த 'எக்காரணம் கொண்டும்' என் சொந்தச் சரக்கு. பத்திரத்துக்கு ஒரு கம்பீரம் வேண்டும் அல்லவா? நுணல் தன் வாயால் கெட்டது. நான் என் பேனாவால் கெட்டேன்.

வீடு அவள் பேரில் இருந்ததால் கையெழுத்தும் அவள்தான் போட வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, பால் மட்டுமாவது நாம காய்ச்சிட்டுக் குடுத்துடலாமா?"

"அவுங்க சத்திரத்துல கெடக்குறாங்க. இன்னைக்கே வரணுங்கறாங்க. நம்ம வூடு எங்க ஓடிடப் போவுது?"

கையெழுத்துப் போட்டாள். அந்த வீட்டில் முதல் பாலை வாத்தியார் மனைவி காய்ச்சினார்.

அந்தப் பணத்தில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடு வாங்கினேன். அதையும் அதே ஷரத்தோடு போக்கியம் விட்டு ஒரு மனை வாங்கினேன். ஊரில் என்னை வீட்டுக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் அதே பின்கட்டில் இருந்தேன். அவள் அதே நாலு குடம் எடுத்தாள். அடுத்த ஆருத்ராவுக்குச் சிதம்பரம் போனபோது எனக்கு அங்கே பதிவு ஆபீசில் வேலை இருந்தது. அவள் மட்டும் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"கெணத்துத் தண்ணி இனிப்பா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு பானையைப் பரணில் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. ரேஷன் நாளில் எதற்காவது விற்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. ஒரு பானையைப் பற்றிக் கேட்கிற நிலையில் நான் இல்லை, நாலாவது சொத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருஷம் அவளுக்கு இருமல் வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு என்னை வெளியே கூப்பிட்டு, க்ஷயரோகம் என்று சொன்னார். காற்றோட்டம் வேண்டும், தனியாக இருக்க வேண்டும் என்றார். அவள் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

"நம்ம வூட்டுக்குப் போயிடலாங்க" என்றாள்.

சிதம்பரத்துக்கு ஓடினேன். வாத்தியார் நல்ல மனிதர். அவரைத் திட்டுவதற்கு எனக்கு ஆசைதான், முடியவில்லை. அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து கூடத்தில் படுத்திருந்தாள். அவர் என்னை வாசலுக்கு அழைத்துப் போனார்.

"நெறமாசப் பொண்ண வச்சிக்கிட்டு எங்க போவேன், சொல்லுங்க? இருமற ஒடம்ப உள்ளயும் சேக்க முடியாது. நீங்களே எழுதினதுதானே, எக்காரணம் கொண்டும்னு. அந்த வார்த்தைய நம்பித்தான் நான் இருக்குறதை எல்லாம் குடுத்தேன்."

இரண்டாவது வீட்டிலும் அதே ஷரத்து, அதே பதில். இருமல் என்றதும் வேறு வாடகை வீடும் யாரும் தரவில்லை. மனையை விற்க அலைந்தேன். மனைக்குக் கூரை கிடையாது, ஆள் கிடைக்கும் வரை அவளுக்குப் பொறுமையும் கிடையாது. பொறுமை என்று எழுதிவிட்டேன். உயிர் என்று எழுத வேண்டும்.

கடைசியில் எங்கள் வீட்டுக்காரர் வந்தார். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணுக்கு முகூர்த்தம் வச்சிருக்கேன். வூட்டுல ஏதாவது ஆயிடுச்சின்னா... ஆஸ்பத்திரியில ஜாஸ்தி வசதி இருக்கு இல்லீங்களா?"

என்ன சொல்கிறார் என்று புரிந்தது. வாடகை வீட்டில் சாவு விழக் கூடாது. நானே என் பத்திரங்களில் எழுதாமல் எழுதுகிற ஷரத்துதான் அது. அன்றே ஜட்கா வைத்து அழைத்துப் போனேன். வண்டியில் ஏறும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அது அவள் வீடு இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கெடிலம் ஆற்றங்கரைக்குத்தான் கொண்டு போனோம். நடுவில் இறக்கி வைத்து, குளிப்பாட்டி, நாலு பெண்கள் சுற்றி வந்து அழுவதற்கு ஒரு வாசல் வேண்டும். மச்சானும் வாடகைக் குடித்தனம்தான். ஆற்றங்கரையில் அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் மணலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ரெண்டு வூடு இருக்கே மாமா. எங்க அக்கா போறதுக்கு ஒரு வாசல் இல்லியா?"



கெடு முடிந்தது. மனை விற்ற பணத்தோடு கொஞ்சம் கடனும் வாங்கிச் சிதம்பரம் போனேன். வாத்தியார் சொன்ன சொல் தவறாமல், சொன்ன தேதியில், சாமான்களை வண்டியில் ஏற்றி வைத்திருந்தார். வீடு கழுவிக் கோலம் போட்டிருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். அவர் மனைவி உள்ளே போய், பழம்புடவையில் சுற்றிய ஒன்றைக் கொண்டு வந்தார்.

"உங்க வீட்டம்மா வச்சிட்டுப் போனது. ஆருத்ராவுக்கு வந்திருந்தாங்களே, அப்ப. கெடு முடிஞ்சதும் வந்து பால் காய்ச்சுவேன், அதுவரைக்கும் பானையாவது என் வூட்டுல இருக்கட்டும்னாங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க. நான் ஒரு நாள்கூட அதைப் பொழங்கலை."

புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கொல்லைக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் இறைத்துக் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

வீடு சும்மா கிடக்கக் கூடாது என்கிற என் கொள்கை இருக்கிறதே. புதுக் குடித்தனத்துக்கு அன்றைக்கே வரச் சொல்லியிருந்தேன். புதிதாகக் கல்யாணமானவர்கள். பெண் உள்ளே வந்ததும் வராததுமாகக் கிணற்றை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"ஐயா, சாமான் வண்டி இன்னும் வரல. நல்ல நேரம் போயிடும்போல இருக்கு. பால் காய்ச்ச ஒரு பாத்திரம் கெடைக்குமா?"

பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இல்லியேம்மா" என்றேன்.

அவள் பக்கத்து வீட்டில் ஒரு பாத்திரம் இரவல் வாங்கி வந்தாள். மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். பால் பொங்கி வழிந்தது. வீட்டுக்காரர் என்று முதல் டம்ளரை எனக்குத்தான் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன்.