மச்சானைக் குந்த வைத்த டேவா மொழி

போன ஞாயிறு மாலை. நோர்வேயின் லில்லெஸ்ட்ரோமில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. இடியப்பத் தட்டோடு நின்ற என் மச்சான் சிவநேசன் திடீரென்று தரையில் குந்தினார்!

மயக்கமா? இல்லை... விருந்தாளி சொன்னார், இவர் குந்தினார். அவ்வளவுதான்.

விருந்தாளி டானா, அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் இருந்து ஒஸ்லோவுக்கு ஒரு கருத்தரங்குக்காக வந்தவர். அந்த மண்ணின் பூர்வகுடிகளான டேவா மக்களில் ஒருவர். டேவா மொழி ஆசிரியை. மொழியியல் படிக்கும் என் மகள் நிலா அழைத்து வந்திருந்தாள்.

மச்சான் இடியப்பம் வைத்ததும் டானா சொன்ன சொல் – “குந்தா!” மச்சான் குந்தி எழுந்து சொதி ஊற்றினார். “குந்தா!” மறுபடியும் தரை. சம்பலுக்கும் அதே கதை.

“பிள்ளை, உவ ஏன் என்னைக் குந்து குந்து எண்டுறா? முழங்கால் நோகுது!”

நிலாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. “ஐயோ மாமா, அது டேவாவிலை நன்றி!”

விஷயம் தெரிந்ததும் டானா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு ஒரு கதை சொன்னார். ஸ்பானியர்களோடு சண்டை நடந்த காலத்தில் டேவாக்களில் ஒரு பகுதியினர் மேற்கே போய், ஹோப்பி என்ற வேறு இனத்தாரின் குன்றில் குடியேறினார்களாம். முந்நூறு வருடங்கள் தாண்டியும் அங்கே டேவா கேட்கிறதாம்.

“இடம்பெயர்ந்து போய் முந்நூறு வருஷமோ!” மச்சானுக்குக் கண் விரிந்தது. ஊரைவிட்டு வட நோர்வேயின் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த நாள் முதல், ‘தமிழ் இஞ்சை எத்தினை நாளைக்கு?’ என்று கவலைப்படும் மனிதர் அல்லவா?

ஆனால் டானாவின் முகம் வாடியது. நிலா தமிழில் சொன்னாள்: “அவவின்ரை மகளுக்கு டேவா விளங்குமாம், கதைக்க மாட்டாவாம். பிழை விட்டால் சிரிப்பினம் எண்டு பயமாம்.”

அந்த நேரம் பார்த்து டானாவின் அந்த மகளே வீடியோவில் அழைத்தாள். மச்சான் போனுக்குள் தலையை நீட்டி, “குந்தா! குந்தா!” என்று கத்தினார்.

அவள் முகம் சுளித்தாள். டேவாவில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடுமாம். சரியாகச் சொல்லிக் காட்டினாள். மச்சான் இன்னும் மோசமாகச் சொன்னார். மீண்டும் திருத்தினாள். இவரோ ராகம் போட்டுப் பாடவே தொடங்கிவிட்டார்!

பொறுக்க முடியாமல், அவள் அம்மாவைப் பார்த்து டேவாவில் படபடவென்று பொரிந்தாள். டானா வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர்.

“என்னவாம்?” என்றார் மச்சான் பயந்துபோய்.

டானா ஆங்கிலத்தில் சொல்ல, நிலா தமிழாக்கினாள்: “‘அம்மா, இவரை என்னட்டை விடுங்கோ, நான் படிப்பிக்கிறன்’ எண்டு சொன்னவவாம்!”

உங்கள் பிள்ளைகள் தாய்மொழி பேச மாட்டேன் என்கிறார்களா? அறிவுரையை விடுங்கள்... அவர்கள் முன்னால் தப்புத் தப்பாகப் பேச, கூச்சமில்லாத ஒரு மச்சானைப் பிடியுங்கள்!