சும்மா கிடைத்த கரண்ட்

சந்திரகலாவுக்குக் கார் என்ற பேச்சை எடுத்தாலே குமட்டிக்கொண்டு வந்தது. பழைய கார் பூச்சோங் டோல் சாவடிக்கு முன்னால் புகையைக் கக்கிவிட்டுப் படுத்த நாளிலிருந்து, எதிரே வந்தவர்களெல்லாம் அவளுக்குப் புத்தி சொல்லக் கிளம்பிவிட்டார்கள். ஓட்டப் போகிறவள் அவள். வேலை பார்த்த சுங்கை வே ஃபேக்டரியை மூடியபிறகு, போன் ஆப்பில் சவாரி பிடித்து ஆள் ஏற்றி இறக்கித்தான் அவளுக்குச் சோறு. கல்யாணம் ஆகவில்லை, கேட்பாரும் இல்லை. அடுத்த காரையாவது தன் மனசுக்குப் பிடித்த மாதிரி வாங்க வேண்டும் என்று இருந்தாள்.

அவளுடைய வாடிக்கைப் பயணி நைஜல், கார் ஷோரூமில் விற்பனையாளன். இரண்டு காரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தான். முதல் சனி ஞாயிறு சின்ன ஹைப்ரிட் கிராஸ்ஓவர். உயரமான சீட்டு, ஏர்போர்ட் பெட்டிகளை மொத்தமாக விழுங்கும் பின்பக்கப் பூட், மெதுவாகத்தான் குடிக்கும் பெட்ரோல். குறை சொல்ல ஒன்றுமில்லை. மேடு ஏறும்போது மட்டும், திட்டு வாங்கிய ஆள் மாதிரி எஞ்சின் முனகியது.

அடுத்த வாரம் எலெக்ட்ரிக் ஹேட்ச்பேக். அடேயப்பா! பச்சை விழுந்ததும் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. பிரிக்ஃபீல்ட்ஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டபோதுகூட அவளுக்கு எரிச்சல் வரவில்லை. பெரிய பெட்டி இரண்டு வைத்தால் பூட் மூடாது, மூடாவிட்டால் போகிறது. ஆனால் அவள் இருப்பது நாலாவது மாடி ஃப்ளாட்டில். வயரை எங்கே கொண்டுபோய்ச் செருகுவது?

"நம்ம வீட்ல சும்மா போட்டுக்கோ லா," என்றார் கிள்ளானில் தரை வீடு வைத்திருந்த அண்ணன் பரமேஸ்வரன். "அண்ணன் எதுக்கு இருக்கேன்? எலெக்ட்ரிக்கையே எடு."

அதைக் கேட்டுக் கண் கலங்கினாள் பாருங்கள், அசடு! அண்ணனாக வந்து ஒன்று கொடுத்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளானுக்குப் போய், கார் நிறுத்தும் போர்ச் சுவரிலிருந்த பிளக்கில் காரை மாட்டினாள். அண்ணி அமுதவள்ளி சிரித்துக்கொண்டே வந்தார்.

"சார்ஜ் ஏறுற வரைக்கும் சும்மாதானே இருக்கே கலா? இந்த வெங்காயத்தை உரிச்சிடேன்."

உரித்தாள். அப்புறம் மீன் வந்தது. செதில் முழங்கை வரை ஒட்டியது. அதற்கப்புறம் முந்தின நாள் கறிச்சட்டி. மஞ்சள் கொழுப்பு உறைந்து, ஓரத்தில் ஈ மொய்த்துக் கிடந்தது. சீ! மனுஷர் தின்ற சட்டியா இது? அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள். மத்தியானம் ஆகியும் காரில் சார்ஜ் பாதியைத் தொடவில்லை. அண்ணன் ஹாலில் சோபாவில் சாய்ந்து, டிவிக்கு முன்னால் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

பின்கட்டு ஜன்னலுக்கு வெளியே அண்ணி யாரிடமோ போனில் பேசுவது கேட்டது.

"வீட்டு வேலைக்கு வந்த பிபிக்கை நிறுத்திட்டேன் லா. இனிமே கலா தினமும் சார்ஜ் போட வருவா இல்ல? சும்மாதானே உக்காந்திருப்பா. எல்லாம் அவர் ஐடியாதான்."

சந்திரகலாவின் கை சட்டிக்குள்ளேயே நின்றது. அப்படியானால் அந்த 'சும்மா' கரண்டுக்குச் சொன்னதல்ல, அவளுக்குச் சொன்னது. இதற்கா கண் கலங்கினோம் என்று நினைத்தபோது, சட்டியைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கொழுப்பு சொட்டச் சொட்டச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனாள். முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பாதி தேய்ச்சிட்டேன். மீதியை நீங்க தேய்ச்சிடுங்கண்ணே. சும்மாதானே இருக்கீங்க."

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

ஷோரூமில் சாவியைக் கொடுத்து, ஹைப்ரிட் போதும் என்றபோது நைஜல் முழித்தான். "ஹைப்ரிட்டா? எலெக்ட்ரிக்தானே பிடிச்சிருக்குன்னீங்க, அக்கா?"

"இப்பவும் அதுதான் பிடிச்சிருக்கு. ஆனா பெட்ரோல் ஸ்டேஷன்ல யாரும் சட்டி கழுவச் சொல்ல மாட்டாங்க, தம்பி. ஹைப்ரிட்டையே போடு."

சொல்லிவிட்டு மறுபடியும் அந்த எலெக்ட்ரிக் காரிடம் போனாள். ஸ்டீயரிங்கில் வெங்காயமும் மீனும் சேர்ந்து நாறின. கைப்பையிலிருந்து ஈரத்தாளை எடுத்து, நாற்றம் போகும்வரை துடைத்துக் கொடுத்தாள்.