ஊசிமுனைக் கசிவு

சாவித்திரிக்குக் கவலைப்பட ஒரு காரணம் வேண்டும் என்பதில்லை. மழை பெய்தால் தேங்கிய தண்ணீரில் கரண்ட் கம்பி கிடக்குமோ என்று கவலை. பெய்யாவிட்டால் இந்தப் புழுக்கத்தில் மனுஷனுக்கு மயக்கம் வந்துவிடுமே என்று கவலை. வங்காளத்துத் துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச்சில் அவள் குடியிருக்கும் சந்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எல்லாரும் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் மாடி வீட்டுக்காரி, "ஏன் சாபித்ரி, கவலைப்படறதுக்கு உனக்கு யாராவது சம்பளம் தராங்களா?" என்று வங்காளியில் கேட்டு வம்பிழுப்பாள். சாவித்திரியும் சிரிப்பாள். சிரிக்கும்போதே, கணவன் பிரேம்குமார் வருகிறானா என்று அவள் கண் தெருமுனைக்குப் போய்விடும்.

ஆனால் ஒரு கவலை மட்டும் அவளாக உண்டாக்கிக்கொண்டதில்லை. அது கடையில் கிடைத்தது.

அதே ஊரில் சாந்தினி சௌக் பக்கம், கனரக இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் பைப் வெட்டி, நுனி பொருத்திக் கொடுக்கும் ஒரு கடையில் அவளுக்கு கவுண்டர் வேலை. அங்கே நின்று நின்றே பாதி விஷயம் தெரிந்துகொண்டாள். டாங்கில் இருக்கிற எண்ணெயைப் பம்ப் உறிஞ்சித் தள்ளும். அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வால்வு வழி காட்டும். சிலிண்டருக்குள் நுழைந்த எண்ணெய் பிஸ்டனைத் தள்ளினால் டன் கணக்கான சுமை சத்தமில்லாமல் மேலே போகும். காற்றை அமுக்கினால் சுருங்கிக்கொள்ளும், எண்ணெய் அப்படிச் சுருங்காது. வாங்கிய அழுத்தத்தை எல்லாப் பக்கமும் அப்படியே கொண்டுபோகும், எங்கே வழி கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பைப்பில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்தால் அதற்குப் போதும். பீறி வருவது கண்ணுக்கே தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

போனால் என்ன ஆகும் என்பதை முதலாளி படமாகவே சுவரில் ஒட்டியிருந்தார். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை கீறித் திறந்து வைத்த ஒரு கை. பைப் வாங்க வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஒட்டியது. வந்தவர்கள் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. தினமும் பார்த்து, சோறு இறங்காமல் தவித்தது சாவித்திரிதான். ஏனென்றால் பிரேம்குமார் கப்பல் ரிப்பேர் செய்யும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹைட்ராலிக் ஃபிட்டர். எண்ணெய் எங்கே கசிகிறது என்று தேடிப் போவதுதான் அவன் பிழைப்பு.

அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து ஆரம்பித்தது அட்டை. கசிவைத் தேடுகிறவன் பைப்பைக் கையால் தொடக் கூடாது. ஒரு அட்டைத் துண்டைப் பைப்பை ஒட்டி நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எங்கே அட்டையில் ஈரக் கோடு விழுகிறதோ அங்கே ஓட்டை. ஒர்க்‌ஷாப்பில் அட்டைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. இருந்தாலும் வீட்டுக்கு வரும் சந்தேஷ் இனிப்புப் பெட்டிகளையெல்லாம் அகலமான துண்டுகளாக வெட்டி, தினம் ஒன்றைச் சாப்பாட்டுப் பையில் செருகினால்தான் அவளுக்கு நிம்மதி.

அந்தச் சனிக்கிழமை காலை மட்டும் அவள் செருகவில்லை. பிரேம்குமாரோடு வேலை செய்யும் ராம்கி பைக்கில் வந்து வாசலில் நின்றான். "எங்க வீட்ல அட்டை டிபார்ட்மெண்ட் ஒண்ணு தனியா ஓடுது ராம்கி. மேடம்தான் இன்சார்ஜ்," என்றான் பிரேம்குமார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சாவித்திரிக்குச் சுருக்கென்றது. இவ்வளவு கேலியாகப் போய்விட்டதா என்று, கையில் இருந்த அட்டையை அலமாரிமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அரை நாள் வேலை முடிந்து மதியம் வந்தான். மீன் குழம்பு ஊற்றி அவள் சோறு போட்டாள். அவன் இடது கையை மடியிலேயே வைத்திருந்தான். தண்ணீர்ச் சொம்பை எடுக்கக்கூட எச்சில் கையைத்தான் நீட்டினான்.

"இடது கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. கம்பி குத்தியிருக்கும்."

"காட்டுங்க."

ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. ஆனால் விரல் வெளுத்து, விறைப்பாக இருந்தது. தொட்டால் தெரிகிறதா என்று கேட்டாள். மரத்த மாதிரி இருக்கிறது என்றான்.

"எங்க குத்துச்சு?"

"சரக்குப் படகு கிரேன்ல. பைப்பு லேசா வேர்த்த மாதிரி இருந்துச்சு. தடவிப் பாத்தேன்."

"பம்ப் ஓடிட்டிருந்துச்சா?"

"ஓடாம எப்படிக் கசியும்?"

 கடைச் சுவரில் இருந்த கை அவள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

"அட்டைய வச்சுப் பாக்கறதுக்கென்ன?"

"இன்னைக்குத்தான் நீ வைக்கவே இல்லையே," என்றான் அவன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சோற்றைப் பிசைந்தபடி சும்மாதான் சொன்னான். 

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

அவன் வழக்கம்போல் மழுப்பினான். ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும் என்றான். ஒரு புள்ளிக்காகப் போய் நின்றால் டாக்டர் சிரிப்பார் என்றான். அவள் வாதாடவில்லை. "அந்த விரல மட்டும் ஒரு தடவ மடக்கிக் காட்டுங்க. நான் பேசாம இருந்துடறேன்," என்றாள். அவன் மடக்கப் பார்த்தான். மற்ற விரல்கள் மடங்கின, அது மட்டும் நீட்டியபடி நின்றது. இன்னொரு தடவை பார்த்தான். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டு சட்டையை மாட்டினான். அவன் அப்படிப் பேசாமல் கிளம்பியதுதான் அவளை இன்னும் கலக்கியது.

செல்போன் ஆப்பில் பிடித்த டாக்ஸி கிதிர்பூர் கப்பல்துறைப் பக்கம் வந்து கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. கப்பல் போவதற்காகப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். "பிரிட்ஜ் இறங்கணும் தீதி, நான் என்ன செய்ய," என்று டிரைவர் எஞ்சினை அணைத்தார். பாலத்தின் பாதி வானத்தைப் பார்த்து நின்றது. இத்தனை வருஷமாக அதைப் பார்த்தும் பார்க்காமலும் கடந்து போனவளுக்கு, இன்றைக்கு அதை உலுக்கி இறக்கிவிட வேண்டும் போலிருந்தது.

பிரேம்குமாரின் விரல் வீங்க ஆரம்பித்தது. வலி இப்போதுதான் வந்தது, உள்ளங்கை வரைக்கும் இழுக்கிறது என்றான். எண்ணெய் வழி தேடிப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. விரலுக்குள் இருக்கும் நரம்புகளின் பக்கமாக, சதையைப் பிரித்துக்கொண்டு, போக முடிந்த இடமெல்லாம் போகும். அலமாரிமேல் இருந்த அட்டை கண்ணிலேயே நின்றது. ஒரு நிமிஷக் கோபம். அதைச் செருகியிருந்தால் இந்நேரம் இவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். 'காளிமா, கையைக் காப்பாத்து, இனிமேல் நான் யார்கிட்டயும் கோவிச்சுக்க மாட்டேன்' என்று, நிறைவேற்றவே முடியாத வேண்டுதல் ஒன்றை வைத்தாள்.

பவானிபூர் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். இவரோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும், களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்து வைத்திருந்தாள். "ஹைட்ராலிக் ஆயில், ஹை பிரஷர்," என்று அவள் சொன்னதுமே அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். எப்போது நடந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டே கை அறுவை செய்யும் பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். அவர் வாதாடியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது சாவித்திரிக்கு. அவருக்கும் அந்தப் படம் தெரிந்திருக்கிறது.

அவனை உள்ளே கொண்டுபோனார்கள். மீன் குழம்பை வேறு ஊற்றித் தொலைத்தோமே, வயிறு நிறைந்தவனுக்கு மயக்கம் கொடுத்தால் என்ன ஆகுமோ என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

போனில் விஷயம் கேட்டு ராம்கி வந்தான். பிரேம்குமார் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வந்த டூல் பையைக் கொண்டுவந்திருந்தான். "அண்ணனோட ஆதார் கார்டு இதுலதான் இருக்கும் அண்ணி, அட்மிஷனுக்குக் கேப்பாங்க," என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் டீ வாங்கி வருகிறேன் என்று நழுவினான்.

ஸ்பானர்களுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். ஆதார் கார்டு அகப்படவில்லை. ரப்பர் பேண்டு போட்ட தடித்த கட்டு ஒன்றுதான் அகப்பட்டது. அவள் வெட்டிக் கொடுத்த அட்டைகள். நேற்றைய அட்டை மேலே இருந்தது. அடியில் வங்காளப் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக்குக்குக் கடை முதலாளி கொடுத்த சிவப்புப் பெட்டி. அதற்கும் அடியில் போன துர்கா பூஜைக்கு பௌதி கொடுத்த பெட்டி. ஓரம் கோணலாகப் போனதுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றில்கூட ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை.

முதலில் வந்தது நிம்மதி. நான் வைத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அப்படியானால் இவன் தினமும் கையாலேயே தடவிக்கொண்டிருந்தான். அட்டை போயிருக்கிறது, பயமில்லை என்று அவள் நிம்மதியாக இருந்த அத்தனை நாளும். நடந்து முடிந்துபோன நாட்களுக்காகவும் பயப்பட முடியும் என்பது அவளுக்கே புதிது. 

பெரிய டாக்டர் அம்மா வெளியே வந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. விரல் தப்பியது என்றார். உள்ளங்கை வரை திறந்து கழுவியிருக்கிறார்கள், இன்னொரு தடவையும் கழுவ வேண்டியிருக்கும். பழையபடி மடங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது. "இன்னும் தாமதிச்சிருந்தா வெட்டி எடுக்கறதத் தவிர வழி இருந்திருக்காது," என்றார்.

கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுத்திருந்தான் பிரேம்குமார். சாவித்திரி அந்த அட்டைக் கட்டை அவன் வலது கைப் பக்கத்தில் வைத்தாள். அவன் பார்த்தான். 

"தூக்கிப் போட மனசு வரலை," என்றான்.

அன்று முழுக்க வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. கோபம்தான் அது, கோபமே அழுகையாக வந்தது. "பத்திரமா வச்சுக்கறதுக்கா நான் வெட்டிக் குடுத்தேன்? அழுக்காகத்தான் குடுத்தேன். எண்ணெய் பட்டுக் குப்பைக்குப் போகணும்னுதான் குடுத்தேன்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

பூஜைக்கு முன்னால் மறுபடி வேலைக்குப் போனான். முதல் நாள் அவளே அட்டையைச் செருகினாள். சாயங்காலம் வந்து, அட்டையை எடுத்து நீட்டினான். ஓரமாக ஒரு கருப்புக் கோடு. உண்மையான கசிவுதானா, தன்னைச் சமாதானப்படுத்த இவனே எண்ணெய் தொட்டு இழுத்ததா என்று உடனே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அட்டையை முகர்ந்து பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் அவள்முன் நீட்டினான்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். செருப்பைக் கழற்றியதும் முதல் காரியமாகப் பத்து விரலையும் நீட்டிக்கொண்டு நிற்பான். அவள் லைட்டுக்கு நேராகப் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பாள். ஒன்பது மடங்கும். மடங்காத அந்த ஒன்றைத்தான் அவள் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருப்பாள்.