சரணத்துக்கு முன்னால் ஒரு செருமல்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி பாடிய இந்திப் பாட்டுகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் அவள் குரலைக் கேட்டவர்தான் யாரும் இல்லை. அவள் செய்த வேலை அப்படி. பெரிய பாடகிக்குத் தலைக்கு மேல் வேலை. உட்கார்ந்து மெட்டுக் கற்றுக்கொள்ள அவருக்கு நேரமேது? அதனால் முதலில் இவளைப் பாடவைத்துப் பதிவு செய்வார்கள். பெரிய பாடகி வந்து, இவள் பாடியதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே தானும் பாடிவிட்டுக் காரில் ஏறிவிடுவார். அதோடு இவள் குரலை அழித்துவிடுவார்கள். இதற்கு டிராக் பாடுவது என்று பெயர். ஸ்டுடியோவில் அவளை டிராக் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

"நீ சமைச்சு வைக்கிறே, பேரு வேற யாருக்கோ போகுது" என்று கணவர் வாரத்துக்கு ஒருமுறையாவது பொருமுவார்.

"என் சத்தம் எங்கேயும் தெரியக்கூடாது. தெரிஞ்சா நான் வேலையைச் சரியாச் செய்யலைன்னு அர்த்தம்" என்பாள் அவள். வீம்புக்குச் சொன்னதில்லை. உண்மையாகவே அப்படி நினைத்தாள்.

வீட்டில் வாயைத் திறந்து ஒரு வரி பாடமாட்டாள். தொண்டை ஸ்டுடியோவுக்கு நேர்ந்துவிட்டது. ஆனால் எதையாவது சொல்வதற்கு முன்னால் லேசாகச் செருமுவாள்: தாழ்வாக ஒன்று, சற்று ஏற்றி இன்னொன்று. சாப்பிடக் கூப்பிடவும் அந்தச் செருமல் வேண்டும். "கச்சேரி அப்புறம் வச்சுக்கலாம், சோறு ஆறுது" என்று அவர் கேலி செய்வார்.

ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

அந்த மகள் வளர்ந்து, கடையில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து ஃப்ரேம்களுக்குத் திருகு மாட்டும் அளவுக்கு ஆகிவிட்டாள். ஒருநாள் வேலைக்கு நடுவில், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அம்மா முகம் போட்டோவுல இருக்குப்பா. குரல்தான் சுத்தமா போயிடுச்சு. நினைச்சுப் பாத்தா வேற யாரோ பேசுற மாதிரி கேக்குது."

அவருக்கும் அதே கதிதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? லென்ஸைத் துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கையில்தான் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்யும் பழைய நண்பர் போன் செய்தார். "பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. நேர்ல சொல்றேன்."

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் பழைய பாட்டுகளைத் தூசு தட்டிப் புதிதாக வெளியிடப் போகிறார்களாம். இரைச்சலையெல்லாம் நீக்கித் தரும் பொறுப்பு நண்பருடையது. பெரிய பாடகியின் குரல் மட்டும் உள்ள நாடாவை அவர் ஓடவிட்டார். பல்லவி முடிந்தது. சரணத்துக்கு முன்னால், பாட்டில் வாத்தியங்களும் ஓய்கிற இடத்தில், வெறும் அமைதி. அந்த அமைதிக்குள், மூடிய கதவுக்கு அந்தப்பக்கமிருந்து வருவதுபோல, யாரோ செருமினார்கள். தாழ்வாக ஒன்று. சற்று ஏற்றி இன்னொன்று.

"பாடகியம்மாவுக்கு ஹெட்போன் அலறணும். அதுல ஓடின டிராக் வெளியே கசிஞ்சு மைக்குல விழுந்திருக்கு. அன்னிக்கு நான் கவனிக்கலை" என்றார் நண்பர்.

மகள் முகம் வெளுத்துவிட்டது. "சாப்பிடக் கூப்பிடறாங்க" என்றாள்.

அவர் அழுதார். மகள் எதிரே அழக்கூடாது என்று இத்தனை காலம் பிடித்து வைத்திருந்ததெல்லாம் உடைந்துபோனது. ஊரெல்லாம் கேட்ட பாட்டு அது. அவர் கடை ரேடியோவிலேயே எத்தனை தடவை ஓடியிருக்கும். லென்ஸ் தேய்க்கும் பாழாய்ப்போன மெஷின் சத்தத்தில் ஒருநாளும் காதில் விழவில்லையே.

"இதை எடுக்கச் சொல்லியிருக்காங்க. நீங்க சொன்னா, காதுல விழலைன்னு விட்டுடறேன்" என்றார் நண்பர்.

விடுங்கள் என்றுதான் சொல்ல வந்தார். மகளும் அதைத்தான் எதிர்பார்த்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"எடுத்துடுங்க. இப்படி ஒண்ணு நடந்துபோச்சுன்னு தெரிஞ்சா அவ வெட்கத்துலயே செத்திருப்பா."

நண்பர் அந்தத் துண்டை மட்டும் ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்துவிட்டு, அவர்கள் கண்ணெதிரிலேயே நாடாவிலிருந்து அழித்தார். ஒரு நொடி வேலை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகள் அப்பாவை விட்டு நாலடி முன்னாலேயே நடந்தாள். கேசட் அலமாரியில் மனைவியின் புடவைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது. அதைப் போட்டுக் கேட்கும் தைரியம் அவருக்கு வரவில்லை. மகளும் போட்டுக் கேட்கவில்லை.

சுத்தம் செய்த பாட்டு வெளிவந்தது. ஒருநாள் காலையில் கடை ரேடியோ அதைப் பாடியது. அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பல்லவி முடிந்தது. சரணத்துக்கு முன்னால் துடைத்து வைத்ததுபோல ஒரு வெறுமை. தப்பு செய்துவிட்டோம், பெரிய தப்பு செய்துவிட்டோம் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

அப்போது எதிரே, ஒரு ஃப்ரேமுக்குத் திருகு மாட்டிக்கொண்டிருந்த மகள், தான் செய்வது தனக்கே தெரியாமல், லேசாகச் செருமினாள். தாழ்வாக ஒன்று, சற்று ஏற்றி இன்னொன்று.

பாட்டு சரணத்தைத் தொடங்கியது.