ஒன்பது கையெழுத்துகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பெண்கள் விடுதி ஒன்றின் வார்டன் பிரிஸ்கில்லா யாரையும் நம்பமாட்டாள். மாதவிடாய் வந்த பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுத்தான் அவளிடம் நாப்கின் வாங்க வேண்டும். பிளஸ் டூ பரீட்சை மாதத்தில் ஒன்பது பேர் கையெழுத்தே போடவில்லை. எவனையோ பார்க்கச் சுவரேறிப் போகிறார்களோ என்று பெட்டிகளைக் கிளறினாள். வாய்ப்புண் மருந்தும் காய்ச்சல் மாத்திரையும்தான் கிடைத்தன.

உள்ளூரில் பேச்சாகிவிடும் என்று ஒன்பது பேரையும் ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போனாள்.

பரிசோதித்த டாக்டரம்மா சொன்னார்: "ஒண்ணுமில்ல. பரீட்சை பயத்துல ஹார்மோன் மாறி நாள் தள்ளிப்போகும், நோய் எதிர்ப்புச் சக்தியும் குறையும். எத்தன மணிக்கு எழுப்புறீங்க?"

"நாலு மணிக்கு. நானே மணியடிக்கேன்."

டாக்டரம்மா கொடுத்த சீட்டில் மாத்திரையே இல்லை. 'ஆறு மணிக்குமுன் எழுப்பக்கூடாது' என்று மட்டும் இருந்தது.

ஒன்பதில் எவள் முன்கூட்டியே வந்து டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்று யோசித்தபடியே பிரிஸ்கில்லா பஸ் ஏறினாள்.